மூன்றாவது அழைப்பில் யாரை எடுப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் பழைய வீரர்களை வைத்துக் கணினியில் நடத்தப்படும் கற்பனை லீக் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த சிறு கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். கூடைப்பந்துக்கு நாளிதழில் அரைப் பத்தி கிடைப்பதே அரிதாக இருக்கும் காலத்தில் இந்த முயற்சிக்கு என் நன்றி. ஆனால் அக்கட்டுரை முடிவில் சொல்லியிருக்கும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. வீரர் தேர்வில் முதல் மூன்று இடங்களுக்குள் வாய்ப்பு வருபவர் தயங்காமல் 1961-62 சீசனின் வில்ட் சேம்பர்லேனை எடுத்துவிட வேண்டும் என்றும், ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளிகளும் 25.7 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) எடுத்தவரைத் தாண்டி யோசிப்பதற்கு எதுவுமில்லை என்றும் அது சொல்கிறது. சென்ற ஆண்டு இதே எண்களை நம்பி இதே வீரரை எடுத்தவன் நான். அதனால்தான் இக்கடிதம்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சில வரிகள். கல்லூரி அணியில் ஒன்றாக ஆடிய நாங்கள் பன்னிரண்டு பேர், இன்று வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை இரவு காணொளி அழைப்பில் கூடி, என்.பி.ஏ. வரலாற்றிலிருந்து ஆளுக்கு ஓர் அணியைச் சேர்க்கிறோம். காசு பணம் எதுவும் கிடையாது. தன் முறை வரும்போது ஒரு வீரரின் பெயரைச் சொல்லி எடுப்பதை ‘அழைப்பு’ என்போம். ஒரு வீரரை எடுப்பது என்றால் அவரது குறிப்பிட்ட ஒரு சீசனை எடுப்பது என்று பொருள். அந்த ஆண்டின் புள்ளிவிவரத்தை வைத்துத்தான் மென்பொருள் அவரை 82 ஆட்டங்களிலும் ஆட வைக்கும். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை போகும் வரிசை, இரண்டாம் சுற்றில் பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும். இந்த ஆண்டு குலுக்கலில் எனக்கு மூன்றாம் இடம் விழுந்திருக்கிறது. முதல் இடத்தில் இருப்பவர் 1987-88 மைக்கேல் ஜோர்டானையும், இரண்டாம் இடத்தில் இருப்பவர் 2012-13 லெப்ரான் ஜேம்ஸையும் எடுக்கப்போவதாக முன்பே அறிவித்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வழியில்லை. ஜோர்டான் அந்த ஒரே சீசனில் 35.0 புள்ளி, 3.2 ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது), 1.6 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தட்டிவிடுவது) என்ற சராசரியோடு மிகச் சிறந்த வீரர் விருதையும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கியவர். ஆகவே என் கேள்வி மூன்றாவது அழைப்பைப் பற்றியது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். நான் எடுத்த சேம்பர்லேன் தன் சொந்த சீசனில் ஆட்டத்துக்கு 39.5 முறை கூடையை நோக்கி எறிந்தவர். என் அணியில் அவரோடு சேர்ந்த மற்ற நால்வரும் தத்தம் காலத்தில் தத்தம் அணியின் முதன்மை வீரர்கள். ஆட்டத்துக்கு இருபது முறை எறிந்து பழகியவர்கள். பந்து ஒன்றுதான். மென்பொருள் வாய்ப்புகளை ஐவருக்கும் பங்கிட்டபோது சேம்பர்லேனின் 50 புள்ளிகள் கரைந்துபோயின. அவரோடு நான் விலை கொடுத்து வாங்கிய குறைபாடு மட்டும் கரையாமல் அப்படியே நின்றது. எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ; அந்த சீசனில் அதில் அவரது விழுக்காடு 61.3. அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நாற்பது வினாடி மீதமிருக்க நாங்கள் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆட்ட விவரம் திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டிருந்தது. எதிரணி வேண்டுமென்றே சேம்பர்லேன் மேல் ஃபவுல் செய்தது. ‘சேம்பர்லேன், ஃப்ரீ த்ரோ, தவறியது’ என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. ரீபவுண்ட் எதிரணிக்குப் போனது. அந்த இரண்டு வரிகளையும் நான் என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டுத் தேர்வுக்கான கணக்கை அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன்.

எந்த எண்ணையும் அது பிறந்த ஆண்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 108 முறை எறிந்தது; 118 புள்ளிகளுக்கு மேல் எடுத்தது. ஓடி வந்து எறிவதும் தவறுவதும் மீண்டும் ஓடுவதுமாக ஆட்டம் நடந்த காலம் அது. எறிந்தவற்றில் நூற்றுக்கு 43 கூட உள்ளே விழவில்லை. அத்தனை எறிதல்கள் தவறினால் ரீபவுண்டுகளும் அதற்கேற்பப் பெருகும். அந்த ஆண்டு ஓர் அணிக்கு ஆட்டத்துக்கு 71 ரீபவுண்டுகள் கிடைத்தன. அந்தக் கணக்கில் சேம்பர்லேனின் 25.7 என்பது ஒரு சராசரி அணியின் ரீபவுண்டுகளில் நூற்றுக்கு 36 பங்கு. இப்போது 1991-92இல் டெட்ராய்ட் அணிக்கு ஆடிய டென்னிஸ் ராட்மேனைப் பாருங்கள். அவரது சராசரி 18.7 ரீபவுண்டுகள். பட்டியலில் ஏழு குறைவாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஆண்டு ஓர் அணிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 44 ரீபவுண்டுகள்தான். ராட்மேனின் பங்கு நூற்றுக்கு 42. அதுவும் ஆட்டம் முழுவதும் களத்தில் நிற்காமல் 40 நிமிடங்களில் எடுத்தது. புள்ளி எடுப்பதில் ஆர்வமே இல்லாத ராட்மேன் எங்கள் லீக்கில் நடுச் சுற்றுகள் வரை யாரும் தொடாமல் கிடப்பார். முதல் சுற்றின் விலையைக் கொடுத்து வாங்குவதாக நாம் நினைக்கும் ரீபவுண்டு, பின்னால் மலிவாகவே கிடைக்கிறது.

1961-62இல் சேம்பர்லேனுடன் ஆடியவர்களும் அவரை எதிர்த்து ஆடியவர்களும் அவரை எப்படி மதித்தார்கள் என்பதையும் கட்டுரையாளர் எண்ணிப் பார்த்திருக்கலாம். அந்த ஆண்டு 1962 மார்ச் 2ஆம் நாள் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார் சேம்பர்லேன். ஆனால் வீரர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மிகச் சிறந்த வீரர் விருது, 18.9 புள்ளி எடுத்த பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்குப் போனது. சேம்பர்லேனின் பிலடெல்பியா அணி அந்த ஆண்டு பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே புள்ளிகளில் தோற்றது. சேம்பர்லேனைச் சிறுமைப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. 80 ஆட்டங்களில் சராசரியாக 48.5 நிமிடங்கள், அதாவது கூடுதல் நேரங்களையும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஓய்வே இல்லாமல், ஆடிய மனிதர் அவர்; அந்த உடல் வலிமைக்கு ஈடு இன்றுவரை இல்லை. அவரை எடுக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது, ஐந்து ஆண்டுகள் கழித்து வரும் 1966-67 சீசனை எடுங்கள் என்பதுதான். அதில் அவர் 24.1 புள்ளிதான் எடுத்தார். ஆனால் ஆட்டத்துக்கு 14 முறை மட்டுமே எறிந்து 68.3 விழுக்காட்டை உள்ளே போட்டார், 24.2 ரீபவுண்டும் 7.8 அசிஸ்டும் (சக வீரர் புள்ளி எடுக்கும்படி பந்தைத் தருவது) கொடுத்தார். அவரோடு ஆடிய ஹால் கிரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் ஆகியோருக்குப் பந்து கிடைத்தது. அணி 68 வெற்றி 13 தோல்வியோடு முடித்து, தொடர்ந்து எட்டு ஆண்டுகள் கோப்பையை வைத்திருந்த பாஸ்டனை வீட்டுக்கு அனுப்பியது. நட்சத்திரங்கள் நிறைந்த அணியில் இருக்க வேண்டிய சேம்பர்லேன் இவர்தான். ஃப்ரீ த்ரோ விழுக்காடு அந்த ஆண்டில் 44.1 என்று இன்னும் கீழே போனது என்பதை மறைக்க மாட்டேன். அதனாலேயே மூன்றாவது அழைப்பில் அவரையும் நான் எடுக்கவில்லை.

மென்பொருளின் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது நான் மிகவும் வருந்தி அறிந்துகொண்ட செய்தி. பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாகக் குறித்து வைக்கத் தொடங்கியது 1973-74 சீசனில்தான். பந்தை இழந்த கணக்கு 1977-78இல் வந்தது. வெளியே நின்று எறிந்து போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. அதற்கு முந்தைய வீரர்களின் பட்டியலில் அந்தக் கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும். 13 சீசன்களில் 11 கோப்பைகளை வென்ற ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். எதிராளி எறிந்த பந்தைத் தட்டும்போது அதைப் பார்வையாளர் பக்கம் பறக்கவிடாமல், தன் அணியினரின் கைக்குப் போகுமாறு மெல்லத் திருப்பிவிட்டு, அங்கிருந்தே அடுத்த தாக்குதலைத் தொடங்கி வைத்தவர் அவர். அவரது வாழ்நாளின் முதன்மையான அந்தத் திறமைக்கு ஒரு கட்டம் கூட இல்லை. எங்கள் மென்பொருளில் ரஸ்ஸல், நூற்றுக்கு 45 போடும், நன்றாக ரீபவுண்டு எடுக்கும் ஒரு சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்), அவ்வளவுதான். கூடைப்பந்தை நேசிக்கிற எவருக்கும் இது மனத்தை உறுத்தும் செய்தி. இதே காரணத்தால் கரீம் அப்துல் ஜப்பாரை எடுப்பவர்கள் 34.8 புள்ளி எடுத்த 1971-72 சீசனைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது, 27.7 புள்ளியே எடுத்தாலும் 16.9 ரீபவுண்டும் 4.1 பிளாக்கும் பதிவாகியிருக்கும் 1975-76 சீசன்தான் கணினியில் வலுவானது. வெறுமையான கட்டங்களை மதிப்பீட்டால் நிரப்பும் மென்பொருள்களும் உண்டு. காலத்துக்கேற்ப எண்களைச் சரிசெய்பவையும் உண்டு. தேர்வு நாளுக்கு முன்பே அதை நடத்துநரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முதல் சுற்றில் பழைய வீரரைத் தொடுவது இருட்டில் துழாவுவதற்கு ஒப்பாகும்.

பெரும்பாலானோர் கவனிக்கத் தவறும் இடம் அடுத்தது. மூன்றாவது அழைப்பில் ஒருவரை எடுத்தபின் என் முறை மீண்டும் 22ஆவது அழைப்பில்தான் வரும், அதன்பின் 27ஆவது. இடையில் பதினெட்டுப் பேர் போய்விடுவார்கள். ஆகவே மூன்றாவது அழைப்பில் யார் மிகச் சிறந்தவர் என்று கேட்பதைவிட, இன்று நான் விட்டுவிட்டால் 22ஆவது அழைப்பில் அவருக்கு எவ்வளவு நெருக்கமானவர் எனக்குக் கிடைப்பார் என்று கேட்பதே பயன் தரும். சென்டர்களை எண்ணிப் பாருங்கள். ஜப்பார் போனால் ஒலாஜுவான் இருக்கிறார். அவர் போனால் 29.8 புள்ளி எடுத்த 1993-94 டேவிட் ராபின்சன், 1999-2000 ஷகீல் ஓ’நீல், நிகோலா யோகிச். இத்தனை பேரும் போய்விட்டாலும், ஆட்டத்துக்கு 28.6 புள்ளி, 10.9 ரீபவுண்டு, 4.0 பிளாக் எடுத்த 1989-90 பேட்ரிக் யூயிங் போன்ற ஒருவர் 22ஆவது அழைப்பில் காத்திருப்பார். மூன்று ஆண்டுகளின் எங்கள் தேர்வுப் பட்டியல்களை எடுத்து அடுக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் ஒரு நல்ல சென்டர் மிஞ்சியிருந்தார். ஜப்பாருக்கும் யூயிங்குக்கும் இடையே பள்ளம் இருக்கிறது என்றாலும் தாண்ட முடியாத பள்ளம் இல்லை.

நான் எடுக்க நினைப்பவர் 2015-16 ஸ்டீபன் கர்ரி. அவரை விட்டால் நிலைமை வேறு. அந்த சீசனில் அவர் 886 மூன்று புள்ளி எறிதல்களில் 402ஐ உள்ளே போட்டார். அதற்கு முன் எந்த வீரரும் ஒரு சீசனில் 300ஐத் தொட்டதில்லை. பழைய சாதனையும் முந்தைய ஆண்டில் அவரே வைத்த 286தான். அவ்வளவு அதிகமாகவும் அவ்வளவு துல்லியமாகவும், அதாவது 45.4 விழுக்காட்டில், எறிந்த இன்னொரு சீசன் 22ஆவது அழைப்பில் மட்டுமல்ல, வேறு எந்த அழைப்பிலும் இல்லை. ஜேம்ஸ் ஹார்டனின் 2018-19இல் 378 உண்டு. ஆனால் விழுக்காடு 36.8. இரண்டு ஃப்ரீ த்ரோக்களை ஒரு முயற்சியாக எடுத்துக்கொண்டு நான் போட்டுப் பார்த்த எளிய கணக்கு இது: 1961-62 சேம்பர்லேன் ஏறத்தாழ 48 முயற்சிகளில் 50 புள்ளி எடுத்தார், 2015-16 கர்ரி ஏறத்தாழ 23 முயற்சிகளில் 30 புள்ளி எடுத்தார். முதலாமவரை அணியில் வைத்துக்கொண்டால் மற்ற நால்வருக்கும் மிஞ்சுவது குறைவு. இரண்டாமவரை வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 25 முயற்சிகள் இன்னும் கையில் இருக்கின்றன. அவற்றை யூயிங்கிடம் கொடுக்கலாம். கடைசி நிமிடத்தில் எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் போய் நிற்பவர் 90.8 விழுக்காட்டுக்காரர் என்பது, என் குறிப்பேட்டின் அந்த இரண்டு வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

இதற்கு என் நண்பர்கள் கூறும் மறுப்புகளில் இரண்டுக்கு வலு உண்டு. ஒன்று, 1984ஆம் ஆண்டின் உண்மையான என்.பி.ஏ. வீரர் தேர்வு. ஹூஸ்டன் முதலில் ஒலாஜுவானை எடுத்தது. இரண்டாம் இடத்தில் இருந்த போர்ட்லாந்து, முந்தைய ஆண்டு எடுத்த கிளைடு டிரெக்ஸ்லர் தன்னிடம் இருப்பதால் அதே இடத்தில் ஆடும் ஜோர்டான் தேவையில்லை, சென்டர்தான் தேவை என்று கருதி சாம் போவியை எடுத்தது. மூன்றாம் இடத்தில் சிகாகோவுக்கு ஜோர்டான் கிடைத்தார். இடத்தைப் பார்த்து ஆளை எடுத்தால் இப்படித்தான் ஆகும், நீயும் அதைத்தான் செய்கிறாய் என்கிறார்கள். நான் செய்வது அதுவல்ல என்றே கருதுகிறேன். போர்ட்லாந்து தன்னிடம் ஏற்கெனவே இருந்ததைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்றில் என் கை வெறுங்கை; நிரப்ப வேண்டிய ஓட்டை என்று எதுவும் இல்லை. நான் பார்ப்பது சந்தையில் எது அரிது என்பதை மட்டுமே. மேலும் போர்ட்லாந்து எடுத்தது கல்லூரி முடித்து வரும் இளைஞர் ஒருவரின் எதிர்காலத்தை. போவியின் கால் எலும்புகள் பின்னர் மீண்டும் மீண்டும் முறியும் என்று அன்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நாங்கள் எடுப்பதோ ஆடி முடித்து, அச்சேறி, இனி மாறவே முடியாத ஒரு சீசனை.

இரண்டாவது மறுப்பு நேரத்தைப் பற்றியது. அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. கர்ரி அந்த சீசனில் 79 ஆட்டங்களில் சராசரியாக 34.2 நிமிடங்கள்தான் ஆடினார். எங்கள் மென்பொருள் அதற்கு மேல் ஆட வைத்தால் களைப்பைக் கணக்கில் சேர்த்து விழுக்காட்டைக் குறைத்துவிடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஏறத்தாழ 14 நிமிடங்களுக்கு, கர்ரியைப் போல வெளியே நின்று பந்தை நடத்தும் இன்னொரு ‘கார்டு’ வீரர் வேண்டும். அதற்காகப் பின்சுற்றுகளில் ஓர் அழைப்பைச் செலவிட வேண்டும். சேம்பர்லேனை எடுப்பவருக்கு மாற்று சென்டரே தேவையில்லை. அந்த அழைப்பின் விலையையும் சேர்த்துத்தான் நான் கூட்டிக் கழித்தேன். அதோடு, ரஸ்ஸலின் தடுப்பாட்டத்தைப் போலவே கர்ரியின் ஒரு பகுதியும் கணினிக்குத் தெரியாது: மூன்று புள்ளிக் கோட்டுக்குப் பல அடி வெளியே அவர் பந்தோடு நிற்கும்போதே இரண்டு தடுப்பாளர்கள் அவரை நோக்கி ஓடிவர, கூடைக்கு அடியில் மற்றவர்களுக்குத் திறக்கும் வெளியை எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது. அதைக் கழித்த பிறகும் பதிவாகியிருப்பதே போதுமானது என்பது என் தீர்ப்பு. இதில் நான் தவறியிருந்தால் சீசன் முடிவில் எண்களே அதைக் காட்டிவிடும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பொருளில் மீண்டும் எழுதும்போதும், பழைய வீரர்களின் பட்டியலை வெளியிடும்போதும், புள்ளி, ரீபவுண்டு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள், நிமிடங்கள், எறிந்த முயற்சிகள், அந்த ஆண்டின் லீக் சராசரி ஆகியவற்றுக்கும் இடம் தாருங்கள். உங்கள் பக்கத்தைப் பார்த்து விளையாடக் கற்றுக்கொள்ளும் பள்ளி மாணவர்கள் இருக்கிறார்கள். என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். 50.4 என்ற எண்ணை அவன் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான். அதன் பக்கத்தில் 39.5 என்ற எண்ணும் இருந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

எங்கள் தேர்வு வரும் சனிக்கிழமை இரவு நடக்கிறது. முன்னால் இருக்கும் இருவரில் ஒருவர் மனம் மாறிக் கர்ரியை எடுத்துவிட்டால், எனக்கு ஜோர்டானோ லெப்ரானோ கிடைப்பார். அப்போது இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படாது. அவர்கள் சொன்னபடியே எடுத்தால், என் இரண்டு நிமிட அவகாசத்தில் முதல் பத்து வினாடிக்குள் கர்ரியின் பெயரைச் சொல்லிவிடுவேன்; 22இல் சென்டர், 27இல் தடுப்பாட்டத்துக்கு ஒரு ஃபார்வர்டு (முன்கள வீரர்), நடுச் சுற்றில் ராட்மேன் என்று குறிப்பேட்டில் எழுதியாகிவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்